கருகினால் யார் குற்றம்?

அக்கா வேலை செய்கிற சலவைக்கூடத்தில், இஸ்திரி போடுகிற ஒவ்வொரு பெண்ணின் மேசைக்கு மேலேயும் ஒரு கொக்கி உண்டு. துணி எதுவும் கருகிவிட்டால் அதைக் கொண்டுவந்து அந்தக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். சாயங்காலம் வேலை முடிகிறவரை அது அங்கேயே தொங்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். யார் கருக்கியது என்பதில் சந்தேகமே வராது. ஒவ்வொருத்திக்கும் ஒரு நிற நூல். தேய்த்து அடுக்கிய துணிக்கட்டில் அவளவள் நூல் கட்டியிருக்கும். அக்காவுடையது பச்சை. அந்தக் கூடத்தின் சட்டம் ஒரே ஒரு வரிதான்: துணி கருகினால், இஸ்திரிப் பெட்டி யார் கையில் இருந்ததோ அவள் குற்றம். துணி மட்டமா, பெட்டி பழுதா, சோப்பு சரியாக அலசவில்லையா என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை.

இத்தனை வருஷத்தில் அக்காவின் கொக்கியில் ஒரு தலையணை உறைகூடத் தொங்கியதில்லை. அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. கூடத்தில் அவளை ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் கொடியில் காய்கிற துணியை உருவி மடிக்க ஆரம்பித்துவிடுவாள். "இப்படி ஒரு கசங்கல் சட்டையைப் போட்டுக்கிட்டு எப்படிடி ஊருக்குள்ள போற?" என்பாள். எனக்கு வீட்டில் வைத்த பெயர் பட்டாசு. பட்டாசு கசங்கியிருந்தால் என்ன, வெடித்தால் போதாதா?

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் திரும்ப அழைத்துவந்தது நான்தான். நடந்ததை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள். கோபப்படாமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடியாது போலிருக்கிறது.

அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சம் ஒளிந்திருந்தால் அதையும் ஒழிக்கக் கதிர் வைக்க வேண்டும் என்றார்கள். சனி ஞாயிறு தவிர தினமும், பல வாரத்துக்கு. அக்கா சிரித்தாள். "ஊரார் துணிக்கெல்லாம் நான் இஸ்திரி போட்டேன். இப்ப எனக்கே இஸ்திரியா?" என்றாள். அவள் வேலை செய்வதும் அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம்தான். ஆகவே கதிர் வைக்கப் போகும்போது உடுத்தக் கொடுத்த அங்கி அவளும் அவள் தோழிகளும் தேய்த்ததுதான். முதல் நாள் அதை விரித்துப் பார்த்து, "கை மடிப்பு கோணல். இது நீல நூல்காரி வேலை" என்று சொன்னாள். அந்தக் கவலை அவளுக்கு!

உள்ளே குளிர்ந்த அறை. கட்டையான படுக்கை. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். மார்பில் மையால் கோடும் புள்ளியும் போட்டிருப்பார்கள், அது அழியக் கூடாது. மெஷின் சுற்றி வந்து நிற்கும், முனகும், முடிந்துவிடும். "சூடே தெரியலடி. பெட்டியில கரண்டே இல்லையோன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. வெளியே வந்ததும் நர்ஸ் ஒரு கிரீமைக் கொடுத்து, தினமும் தடவச் சொன்னாள்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் லேசாகச் சிவந்தது. சிவப்பு செங்கல் நிறமானது, செங்கல் நிறம் பழுப்பானது. துணி கருகுகிற வரிசை அக்காவுக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு, "இந்த நிறம் வந்துட்டா துணி போச்சுன்னு அர்த்தம்" என்றாள் மெதுவாக. கொஞ்ச நாளில் மார்புக்குக் கீழே மடிப்பு விழுகிற இடத்தில் தோல் உரிந்து நீர் கசிய ஆரம்பித்தது. உள்சட்டை ஒட்டிக்கொண்டுவிடும். அதைப் பிரித்து எடுக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். நான் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிரிப்பேன். வேன் ஓட்டிக் காய்த்த கை இது. அதால் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

நர்ஸ் அதைப் பார்த்தாள். "கிரீம் தடவுறீங்களா இல்லையா?" என்று கேட்டாள்.

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "இல்லம்மா" என்றாள்.

"ஏன்?"

"எண்ணெய்ப் பசை இருக்கிற துணியில பெட்டியை வெச்சா கறை நிலைச்சுப் போயிடும்மா. எத்தனை வெளுத்தாலும் போகாது. அதான், கதிர் படுற இடத்துல பசை வேண்டாம்னு..."

இஸ்திரி போடுகிறவளைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு தோன்றியிருக்காது. தப்புதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. உட்காரவைத்து, "அம்மா, இது துணி இல்ல, தோல். இதுக்குத் தடவணும்" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. நர்ஸ் சிரித்தாள். சிரித்துவிட்டு, நடைபாதையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தம்மா தோலுக்குக் கறை பட்டுடும்னு மருந்தே தடவலையாம்! அப்புறம் வேகாம என்ன செய்யும்? சுத்த கவனக்குறைவு" என்றாள்.

கவனக்குறைவு! அக்காவுக்கு! ஒரு போர்வையின் நான்கு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் தூக்கம் வராதவளுக்கு!

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, "கொக்கியில மாட்டிட்டாங்கடி" என்றாள்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு வந்து வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார்கள். சலவைக்கூடத்துத் தோழிகள் பார்க்க வந்தார்கள். ஒருத்தி சோப்பு போட்டிருப்பாய் என்றாள். இன்னொருத்தி, குப்புறப் படுத்திருப்பாய் என்றாள். பெட்டிச் சூட்டிலேயே நின்ற உடம்பு, சூடு ஏறியிருக்கும் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். அப்படியானால் அவள் உடம்பு மட்டும் ஐஸ் பெட்டியிலா நின்றது? என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷர்தான், ஆனால் உலகமே அவருக்கு ஒரு லிஃப்ட். "எந்த லிஃப்டும் சும்மா நடுவுல நிக்காது. எவனாவது கதவை உதைச்சிருப்பான், இல்ல கண்ட பட்டனையும் அழுத்தியிருப்பான்" என்றார். "அப்படின்னா உங்க லிஃப்டைச் செஞ்ச கம்பெனி தப்பே பண்ணாதா அத்தான்?" என்று கேட்டேன். அவருக்கு டீ ஆறிப்போயிற்றாம். எழுந்து போய்விட்டார்.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் எங்கள் அம்மா.

"அப்படியே உன் சித்தி. அவளும் இதே மாதிரிதான் கவனமில்லாம இருந்து தோலைப் புண்ணாக்கிக்கிட்டா. அப்புறம் பிடிவாதமா பாதியில நிறுத்திட்டா. சொன்ன பேச்சைக் கேக்கிற வழக்கமே நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கிடையாது" என்றாள்.

சித்தி அம்மாவின் தங்கை. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்கிற வேலை பார்த்தாள். அவள் குரலைக் கேட்டுத்தான் ஊர்ச் சனம் பஸ் ஏறும். அவளுக்கும் இதே நோய், இதே வைத்தியம். கதிர் வைத்த இடம் வெந்து புண்ணானது. பாதியிலேயே போவதை நிறுத்திவிட்டாள். ஓரிரு வருஷத்தில் நோய் திரும்பி வந்து கொண்டுபோய்விட்டது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் சித்தி ஒரு ஆள் இல்லை, ஒரு எச்சரிக்கை. ஒரு டம்ளரைக் கீழே போட்டால், "சித்தி மாதிரி இருக்காதே" என்பாள் அம்மா. மருந்து ஒரு வேளை தவறினால் சித்தி. மழையில் நனைந்தால் சித்தி. செத்துப்போனவளை இத்தனை வருஷமாக ஓயாமல் கொக்கியில் தொங்கவிட்டிருந்தோம்.

காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாள், ரிட்டயர்டு டீச்சர். அக்காவுக்குக் கதிர் ஆரம்பித்த வாரத்திலேயே அவளுக்கும் ஆரம்பித்தது. அவள் தோல் லேசாக வெயில் பட்டது போலச் சிவந்ததோடு சரி. நர்ஸ் அவளைக் காட்டி, "இவங்களைப் பாருங்க, எப்படிப் பாத்துக்கிறாங்க! இவங்க மாதிரி இருக்கணும்" என்று அக்காவிடம் சொல்லுவாள். அக்கா தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் டீச்சர் என் பக்கம் சாய்ந்து, "ஒண்ணு சொல்றேன், வெளியே சொல்லாதே. அந்தக் கிரீமோட வாசனை எனக்குக் குமட்டும். ட்யூப்பை இன்னும் நான் திறக்கவே இல்ல" என்றாள்.

"இதை நர்ஸ்கிட்ட சொல்லக் கூடாதா டீச்சர்?"

"நல்ல பேரு எடுத்தாச்சு. அதை ஏம்மா கெடுத்துக்கணும்?" என்றாள்.

தடவாதவள் தோல் ஒன்றும் ஆகாமல் இருக்கிறது, நல்ல பெயர். தடவாத இன்னொருத்தி தோல் உரிந்து தொங்குகிறது, கெட்ட பெயர். இது என்ன நியாயம் என்று அன்றைக்கு முழுக்க வேனில் ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். பிள்ளைகள், "ஆன்ட்டி, ரோட்டுல யாருமே இல்ல" என்றார்கள்.

மறுநாள் நேராகக் கதிர் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அக்காவை உள்ளே கூட்டிப்போனேன். அம்மாவும் வந்தாள். டாக்டரிடம் சொல்லி அக்காவுக்கு நாலு நல்ல திட்டு வாங்கிக் கொடுக்கலாம் என்று வந்தாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணைச் சுற்றிக் கருவளையம், மேசையில் பாதி தின்ற பிஸ்கட். புண்ணைத் தொடாமல், குனிந்து, நிதானமாகப் பார்த்தாள். அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"நல்லா கேளுங்க டாக்டரம்மா. இவ சித்தியும் இதே மாதிரிதான் கதிர் வெச்ச இடத்தைப் புண்ணாக்கிக்கிட்டா. சொல்பேச்சு கேக்கிறதில்ல."

டாக்டர் நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க? யாருக்கு?"

"என் தங்கச்சிக்கு."

"உங்க கூடப்பிறந்த தங்கச்சிக்கா? கதிர் வெச்சு இந்த அளவுக்குத் தோல் உரிஞ்சுதா? ஆரம்பத்துல நான் கேட்டேனே, குடும்பத்துல யாருக்காவது கதிர் வைத்தியத்துல தோல் மோசமா பாதிச்சிருக்கான்னு. இல்லன்னு சொன்னீங்களே!"

"அது வியாதி இல்லம்மா" என்றாள் அம்மா. "அது அவ கவனக்குறைவு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். அக்காவைப் பார்த்துப் பேசினாள், எங்களை அல்ல.

"அம்மா, ஒரே மெஷின்ல ஒரே அளவு கதிர் வெச்சாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகறதில்ல. சிலருக்கு லேசா சிவக்கும். சிலருக்கு உரியும். கதிர் கெட்ட செல்லை உடைக்கும். வழியில இருக்கிற நல்ல செல்லையும் கொஞ்சம் உடைக்கும். நல்ல செல் தன்னைத் தானே பழுது பாத்துக்கும். அந்த வேலை எப்படி நடக்கணும்னு சொல்றதுல மரபணுவுக்குப் பங்கு இருக்கு. சில பேருக்கு அந்தப் பழுது பாக்கிறது சட்டுனு நடக்கும், சில பேருக்குச் சுணங்கும். பிறக்கும்போதே வந்தது அது."

"அப்ப முன்னாடியே ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்திருக்கலாமே டாக்டர்?" என்றேன். என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்திருக்கும்.

"எல்லாருக்கும் அப்படி அடிச்சுச் சொல்ற மாதிரி ஒரு டெஸ்ட் இன்னும் கைக்கு வரலம்மா. இது ஒரே ஒரு மரபணு செய்யற வேலை இல்ல. நிறைய இருக்கு, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா சேருது. ஆராய்ச்சி நடக்குது. மரபணு மட்டும்தான்னும் நான் சொல்ல மாட்டேன். உடம்பு வாகு, மடிப்பு விழற இடம், கதிர் எங்க கூடுதலா விழுதுங்கிறது, எல்லாமே சேரும். கிரீம் எரிச்சலைக் குறைக்கும், தடவணும். ஆனா தடவாததாலதான் இப்படி வெந்துச்சுன்னு யாரும் உங்க தலையில கட்ட முடியாது."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்ப ஆசைப்படுகிற முகம், ஆனால் நம்பவில்லை.

டாக்டர் அம்மாவிடம் திரும்பினாள். "உங்க தங்கச்சி மருந்து ஒழுங்கா தடவினாங்களா? ஞாபகம் இருக்கா?"

அம்மா பிஸ்கட்டைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எப்போதும் கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவள், "தெரியலம்மா. ரொம்ப நாளாச்சு" என்றாள்.

சில நாள் இடைவெளி விட்டு, புண்ணுக்கு வேறு கட்டுப் போட்டு, மடிப்பில் கதிர் கூடுதலாக விழாதபடி கணக்கை மாற்றி, திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கலாம் என்றாள் டாக்டர். "வலிக்குதுன்னு நிறுத்திடாதீங்க. ஒளிஞ்சிருக்கிறது ஏதாவது இருந்தா அதுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிடும்" என்றாள். சம்மதம் இருந்தால் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுத்துக்கொள்கிறோம், குடும்பத்தில் மற்றவர்களும் கொடுக்கலாம் என்றாள். இதனால் இப்போதைக்கு உங்களுக்குப் பலன் இல்லை, நாளைக்கு வேறு ஒருத்திக்கு உதவலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னாள். அக்கா, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். பாரம் இறங்கும், மனுஷர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "அப்போ உங்க வீட்டு ரத்தத்துலயே கோளாறுன்னு சொல்லு" என்றார். கூடவே, "வெளியே யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதீங்க. நாளைக்கு என் பொண்ணுக்கு ஒரு இடம் பாக்கணும்" என்றார்.

என்ன ஜனங்கள் இவர்கள்! தோல் வெந்தால் அவள் கவனக்குறைவு. கவனக்குறைவு இல்லை என்று ஆகிவிட்டால் அவள் பிறந்த வீட்டுக் குறைவு. எந்தப் பக்கம் பந்தை உருட்டினாலும் அது கடைசியில் ஒரு பொம்பளை காலடியில்தான் வந்து நிற்குமா? "அத்தான், உங்க வழுக்கைகூட உங்க அப்பா ரத்தத்துல வந்ததுதான். அதை மறைச்சா எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டினீங்க?" என்று கேட்டேன். அத்தானின் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

திங்கட்கிழமை காலையில் அக்கா வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அக்கா கூடத்தில் மேசை போட்டு, வீட்டில் இருந்த போர்வையை எல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் தேய்த்தாள். அம்மா பக்கத்தில் நின்று மடித்துக் கொடுத்தாள்.

"என்னக்கா, கிளம்பலையா?"

"நான் வரலடி."

"வரலன்னா?"

"வரலன்னா வரல. போதும்."

நான் வெடித்தேன். என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. டாக்டர் சொன்னதை எல்லாம் ஒப்பித்தேன். மரபணு, பழுது பார்க்கிற வேலை, ஒளிந்திருக்கிற மிச்சம். அக்கா பெட்டியை நிறுத்தவே இல்லை. எல்லாம் முடிந்ததும் அமைதியாகச் சொன்னாள்.

"சித்தியும் தடவல. நானும் தடவல. அவளுக்கும் வெந்துச்சு, எனக்கும் வெந்துச்சு. இதுல மரபணுவுக்கு என்னடி வேலை? அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுது. நான் செஞ்ச தப்புக்கு ஒரு பேரு வெச்சு மூடி மறைக்க வேண்டாம். மறுபடியும் அங்க போய் அந்த நர்ஸ் முன்னாடி சட்டையைக் கழட்டிக்கிட்டு நிக்க என்னால முடியாது. வலியைத் தாங்கிடுவேன். அதைத் தாங்க முடியல."

ஒரு சொல்லுக்காக உயிரை விடத் துணிந்துவிட்டாள். வலிக்காக இல்லை, நோய்க்காக இல்லை, நடைபாதையில் சிரித்துக்கொண்டே வீசிய ஒரு சொல்லுக்காக. எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைக்கிற மாதிரி அங்கே போர்வையைத் தவிர ஒன்றும் இல்லை.

"நான்தானே தடவினேன்" என்றாள் அம்மா.

யாரும் அவளைக் கேட்கவில்லை. கையில் இருந்த போர்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"என்னம்மா?"

"உன் சித்திக்கு. அவளுக்குக் கை தூக்க வரல. குளிப்பாட்டி, துடைச்சு, நான்தான் தடவுவேன். ஒரு நாள் விட்டதில்ல. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இந்த ரெண்டு கையாலயும் தடவினேன்." போர்வையைக் கீழே வைத்தாள். "அப்பவும் வெந்துச்சு. அந்த ஆஸ்பத்திரியிலயும் ஒரு நர்ஸ் இருந்தா. யாரு தடவுறது, இப்படிப் புண்ணாக்கி வெச்சிருக்கீங்களேன்னு கத்தினா. எனக்குப் பயமா போச்சு. என் கைதான் ஏதோ பண்ணிடுச்சோன்னு. அவளேதான் தடவிக்கிறான்னு சொல்லிட்டேன்."

அக்காவின் பெட்டி நின்றது.

"உன் சித்தி என்னைத் திரும்பிப் பாத்தா. ஆமா சிஸ்டர், நான்தான் சரியா தடவலன்னு சொன்னா. அதுக்கப்புறம் அவ அங்க வரவே இல்ல. எத்தனை கூப்பிட்டும் வரல. பிடிவாதம், பிடிவாதம்னு நானே ஊரெல்லாம் சொன்னேன். எனக்கும் வேற என்ன சொல்லத் தெரியும்?"

பெட்டிக்குக் கீழே இருந்து புகை வந்தது. மூன்று பேருமே அதைப் பார்க்கவில்லை. வாசனை வந்த பிறகுதான் அக்கா பெட்டியைத் தூக்கினாள். வெள்ளைப் போர்வையின் நடுவில் பழுப்பாக ஒரு பெட்டி அச்சு, அழகாக விழுந்திருந்தது. அக்கா அதையே பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வேனில் ஏறினாள். அம்மாவும் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். கண்ணாடி டீச்சர் தன் இடத்தில் இருந்தாள். நர்ஸ் அக்காவை உள்ளே கூட்டிப்போய் அங்கியை உடுத்தவைத்து, கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்துவந்து உட்காரவைத்தாள். "கொஞ்சம் காஞ்சிருக்கு. இனிமேலாவது அலட்சியம் பண்ணாம ஒழுங்கா பாத்துக்கோங்க" என்றாள்.

நான் எழுந்தேன். என் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு அம்மா எழுந்தாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம் நில்லுங்க. என் தங்கச்சி அலட்சியம் பண்ணல. நான் தினமும் தடவினேன், அவளுக்கும் வெந்துச்சு. இவளும் அலட்சியக்காரி இல்ல. இதுக்கு மேல இவளை அந்த வார்த்தை சொல்லாதீங்க." குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவளின் அக்கா அல்லவா?

நர்ஸ் முகம் மாறியது. "நான் பொதுவாத்தான் சொன்னேன்" என்று முணுமுணுத்தாள். டீச்சர் தொண்டையைச் செருமினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்குகிற பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, "சிஸ்டர், நான் அந்தக் கிரீமைத் தொட்டதே இல்ல" என்றாள். அந்த அம்மாளை அப்போதே மன்னித்துவிட்டேன்.

உள்ளே இருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, அங்கியின் கோணல் மடிப்பை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நிமிர்ந்து உள்ளே நடந்தாள். கனமான கதவு மூடிக்கொண்டது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அம்மா கொஞ்ச நேரம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ரத்தம் எங்கே எடுக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். கூட்டிப்போனேன். அங்கே இருந்த பெண் ரப்பர் பட்டையை அம்மாவின் கையில் கட்டிக்கொண்டே, "கதிர் வெச்சுத் தோல் வெந்தவங்களோட குடும்பம்தானே? நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள்.

அம்மா கையை நீட்டியபடியே, "என் தங்கச்சிக்கு அக்கா" என்றாள்.